மூலையில் ஒரு ஓட்டை

அன்புள்ள முத்து,

பொங்கலுக்கு வந்துபோன பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மகள் பத்தாவது. போன வாரம் இருபடிச் சமன்பாட்டோடு வந்து உட்கார்ந்தாள். எக்ஸ் வர்க்கம் கூட்டல் 10 எக்ஸ், சமம் 39. விடுவேனா? பெருக்கினால் மைனஸ் 39, கூட்டினால் 10. எண்கள் 13, மைனஸ் 3. ஆக, குறியை மாற்றினால், எக்ஸ் 3 அல்லது மைனஸ் 13. மீசையை முறுக்கினேன். அவள் பேசாமல் 39ஐ அடித்துவிட்டு 40 என்று எழுதினாள். 4, 10 போட்டேன். 5, 8 போட்டேன். 2, 20 போட்டேன். காரணி சிக்கவே இல்லை.

"அப்போ வர்க்கப் பூர்த்தி. பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25, இரண்டு பக்கமும் கூட்டு" என்றேன்.

"ஏன்பா பாதி? ஏன் 25?"

வாத்தியார் சொன்னார் என்றுதான் வாயில் வந்தது. அவர் எங்கே சொன்னார், உன் முதுகில் ஸ்கேலால் எழுதினார்!

ராத்திரி தூக்கமில்லை. தேடிப் பார்த்தால், 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் இதே 39 கணக்கைப் படம் போட்டே காட்டியிருக்கிறார். எழுந்து காலண்டர் அட்டையை வெட்டினேன். பக்கம் எக்ஸ் என்று ஒரு சதுரம். 10 எக்ஸ் என்பது அதை ஒட்டி நிற்கும் பட்டை, அகலம் 10. அதை நெடுக்கே இரண்டாக வெட்டி, ஐந்தகலப் பட்டை ஒன்றை வலப்பக்கமும் இன்னொன்றைக் கீழேயும் வைத்தேன். பெரிய சதுரம் ஆகிவிடும் போலிருக்கிறது, மூலையில் மட்டும் ஓட்டை. ஐந்துக்கு ஐந்து. அதான்டா அந்த 25! 39ம் 25ம் 64, பக்கம் 8, ஐந்து போனால் 3. மகளின் 40க்கு 65 வரும். அதன் வர்க்கமூலத்தில் 5 போக 3.06 சொச்சம். மைனஸ் 13ஐ மட்டும் அட்டையில் வெட்ட முடியாது. அல்-குவாரிஸ்மியும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நமக்கு வர்க்கம் என்றால் எண்ணின் தலையில் உட்கார்ந்த குட்டி 2. சதுரம் என்றால் நோட்டில் வரைவது. இரண்டும் ஒன்றுதான் என்று ஒருத்தராவது சொன்னார்களா? 'சதுரப் பூர்த்தி' என்றிருந்தால் நானே மூலையைத் தேடியிருப்பேன்.

செல்வம் ஞாபகம்தான் வந்தது. கணக்கில் 28, அத்தோடு நின்றவன். போன வருஷம் என் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டியது அவன்தான். மூலைத் துண்டை டேப் வைக்காமலே வெட்டினான், கச்சிதமாக உட்கார்ந்தது. அவனுக்கு அன்றைக்கு இந்த அட்டையைக் காட்டியிருந்தால்... விடு.

இப்போது புதுத் தலைவலி. கூட்டல் 10 எக்ஸுக்குப் பதில் கழித்தல் 10 எக்ஸ் என்றால் படம் எப்படி என்கிறாள். பட்டைகளை எடுக்கும்போது மூலை இரண்டு தடவை போய்விடுகிறது, அதுவரை புரிகிறது. நீ இன்ஜினியர்தானே, ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது. சைக்கிள் பம்பையும் திருப்பி அனுப்பு.

உன்,
குமார்