1992-க்கு முன்னும் நாம் இருந்தோம்

விக்டோரியா, மாஹே

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். நம் செஷல்ஸ் தீவுகளின் இந்துக்களைப் பற்றி வகுப்பில் பேச நீ எழுதிய குறிப்பைப் படித்தேன். "நம் வரலாறு 1992இல் கோயில் எழுந்ததோடு தொடங்குகிறது" என்ற வரியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதை எடுத்துவிடு.

1770 ஆகஸ்டில் செயின்ட் ஆன் தீவில் வந்திறங்கிய முதல் குடியேறிகளில் பிரெஞ்சுக்காரர்கள், ஆப்பிரிக்க அடிமைகளோடு ஐந்து இந்தியர்களும் இருந்தார்கள். பூர்வகுடிகளே இல்லாத தீவுகள் இவை. குடியேற்றம் தொடங்கிய அன்றே நம்மவர்கள் இங்கே காலூன்றிவிட்டார்கள்.

பிறகு அவர்கள் கும்பிட்ட தெய்வங்கள் எங்கே போயின என்று கேட்பாய். கோயில் இல்லை, குருக்கள் இல்லை, ஊரிலிருந்து பெண் எடுக்கவும் வழியில்லை. 1851இல் கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் பணி தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம் பள்ளிகள் மிஷன்களின் கையில்தான் இருந்தன. கிரியோல் பெண்ணை, அதாவது ஆப்பிரிக்க, ஐரோப்பியக் கலப்பில் வந்த உள்ளூர்ப் பெண்ணை, மணந்தவரின் பிள்ளை ஞானஸ்நானம் பெற்று, மிஷன் பள்ளியில் படித்து, தேவாலயப் பூசைக்குப் போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றும் பிள்ளை, செட்டி, நாயக்கன் என்ற குடும்பப் பெயரோடு ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களை "மதம் மாறிப்போனவர்கள்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கியிருக்கிறாய். அந்தச் சொல் எனக்கு வலித்தது. பெல் ஏர் அத்தையும் அவர்களில் ஒருத்திதானே, அம்மா? ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு உனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டவள் அவள்.

பின்னால் கடை வைக்க வந்த தமிழர்களால்தான் வழிபாடு தங்கியது. உன் கொள்ளுத் தாத்தா கடையில் முன்பக்கம் அரிசி, உப்பு, துணி; பின்பக்கம் கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே ஒரு மாடம். அதில் எண்ணெய்ப் புகையில் கறுத்த பிள்ளையார் படம். வெள்ளிக்கிழமை கடை திறக்குமுன் சூடம் காட்டுவார். பூவுக்கு வேலியோரத்துச் செம்பருத்தி. விமான நிலையம் வந்ததே 1971இல்தான். அதுவரை ஊரோடு இருந்த போக்குவரத்தெல்லாம் கப்பல் வழிதான். அப்படியும் அந்த விளக்கு அணையவில்லை. இதை ஒரு பத்தியாவது எழுது.

1984இல் கோவில் சங்கம் அமைந்தது. 1992இல் குவின்சி தெருவில் நவசக்தி விநாயகர் கோயில் எழுந்தது. மறு வருடமே தைப்பூசக் காவடி தொடங்கியது. இவற்றை நீயே சரியாக எழுதியிருக்கிறாய். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். 2010 கணக்கெடுப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்குமேல் கத்தோலிக்கராக இருந்த நாட்டில், நாம் வெறும் 2.4 சதவீதம். அப்படியிருந்தும் தைப்பூசத்தன்று இந்துக்களுக்கு அரசு விடுமுறை தருகிறது. காவடி போகும் வழியில் கிரியோல் குடும்பங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டுகின்றன. அலகு குத்திய முகங்களை அந்தப் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பதை நீயும் பார்த்திருக்கிறாய்.

பேசுவதற்கு முன் அத்தைக்கு ஒருமுறை போன் செய். அவள் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த வருடம் ஞானஸ்நானம் பெற்றார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நீ கேட்டால் மகிழ்ந்துபோவாள்.

அன்புடன்,
அப்பா