மெஷினை இறுக்குகிறார்களா? கோமதிக்கு ஒரு பதில்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கைக்கு வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நடுவில் பேத்திக்குக் காய்ச்சல் வந்து எல்லாம் தள்ளிப்போயிற்று. இப்போது தேறிவிட்டாள், வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறாள். உனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. அந்தப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே.

சுற்றுலா போன இடத்தில் ஸ்லாட் மெஷின் ஆடியதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ராத்திரி கூட்டம் ஏறினால் பரிசு குறைவாக விழும்படி மெஷினை இறுக்கிவிடுவார்கள், விடியற்காலையில் தளர்த்திவிடுவார்கள் என்று உன்னோடு வந்தவர் சொன்னாராமே. உறுப்பினர் அட்டையைச் செருகியதிலிருந்து உனக்குப் பரிசே விழவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். "கேசினோ கணக்குப் பிரிவில் அத்தனை வருஷம் இருந்தவள் நீ, உள்ளதைச் சொல்" என்று கேட்டாய். சொல்கிறேன். அடுத்த முறை போகும்போது விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஆடப்போவதாக எழுதியிருப்பதைப் பார்த்தபிறகு சுருக்கமாகச் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை.

மெஷின் எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்பதை கேசினோவால் மாற்ற முடியுமா? முடியும். மாற்றவும் செய்கிறார்கள். ஆனால் உன் முகத்தைப் பார்த்தோ மணியைப் பார்த்தோ மாற்றுவதில்லை.

ஒரு மெஷினை வாங்கும்போதே இதை முடிவு செய்துவிடுவார்கள். ஒரே ஆட்டம், அதே படங்கள், அதே பாட்டு, அதே பரிசுப் பட்டியல். அதைத் தயாரிப்பாளர் நாலைந்து கணக்கில் தருவார். ஒன்று போடுகிற நூற்றுக்குச் சராசரியாக 88 திருப்பித் தரும், இன்னொன்று 92, இன்னொன்று 95 என்று போகும். எந்தப் படம் எந்த ரீலில், அதாவது படங்கள் சுற்றுகிற உருளையில், எத்தனை முறை வரும், எந்தப் பரிசுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதெல்லாம் ஒரு தாளில் இருக்கும். அதற்கு பார் ஷீட் என்று பெயர். என் மேஜை அலமாரியில் அந்தத் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. 88இன் தாளையும் 95இன் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அவை ஓடும் மெஷின்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து நாள் முழுக்கப் பார்த்தாலும் தெரியாது. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டுத்தான் இப்படிச் சில தாள்களை வாங்க முடிந்தது. ஆடுகிறவர் கையில் அதை யாரும் கொடுப்பதில்லை.

மாற்றுவதும் அப்போதெல்லாம் லேசான வேலையில்லை. டெக்னீஷியன் மெஷின் கதவைத் திறப்பார். உள்ளே தனிப் பூட்டோடு இன்னொரு பெட்டி. அதற்குள் போர்டு, போர்டில் அந்தக் கணக்கு பதிந்த சிப், சிப்பின் மேல் குறுக்காக ஒட்டிய சீல், சீலில் கையெழுத்து. நான் பக்கத்தில் நின்று மீட்டர் எண்களைக் குறித்துக்கொள்வேன்: அதுவரை எவ்வளவு போட்டிருக்கிறார்கள், எவ்வளவு வெளியே போயிருக்கிறது. பழைய சிப்பைப் பிடுங்கி, புதியதைப் பொருத்தி, சோதித்து, மறுபடி சீல் ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, கோப்பில் சேர்ப்போம். இவ்வளவையும் ராத்திரிக்கு ஒருமுறை, காலைக்கு ஒருமுறை யார் செய்துகொண்டிருப்பார்கள், நீயே சொல்.

இப்போது காலம் மாறிவிட்டது, அதையும் சொல்லியாக வேண்டும். சர்வர் என்ற மையக் கணினியோடு இணைத்த மெஷின்கள் வந்துவிட்டன. ஒரு அறையில் உட்கார்ந்தபடியே ஆட்டத்தையோ சதவிகிதத்தையோ மாற்றலாம். உன் நண்பர் சொன்ன கதைக்கு இதுதான் வேராக இருக்கவேண்டும். ஆனால் அமெரிக்காவில் நெவாடா மாநிலம் போன்ற இடங்களில் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது கைவைக்கக் கூடாது. மெஷின் கொஞ்ச நேரமாவது ஆளில்லாமல் சும்மா இருந்திருக்க வேண்டும். மெஷின் தானே தன் வரவுசெலவைக் கணக்குப் பார்த்து, "நிறையக் கொடுத்துவிட்டோம், இனி இறுக்குவோம்" என்று பரிசு விகிதத்தை மாற்றிக்கொள்ளவும் கூடாது. நெவாடா சூதாட்ட விதி 14இல் இது தெளிவாகவே இருக்கிறது. அதே விதிதான் எந்த மெஷினும் நூற்றுக்கு 75க்குக் குறையாமல் திருப்பித் தரும்படி அமைந்திருக்க வேண்டும் என்கிறது. நியூ ஜெர்சி மாநிலத்தில் அந்த எல்லை 83. போட்டி இருப்பதால் நடைமுறையில் 75ஐ ஒட்டி யாரும் வைப்பதில்லை. 90க்குச் சற்று முன்பின்னாகத்தான் பெரும்பாலும் நிற்கும்.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். அட்டையைப் படிக்கிற கருவி வேறு, ரீல் எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கிற ரேண்டம் எண் நிரல் வேறு. அந்த நிரல் நீ ஆடினாலும் ஆடாவிட்டாலும் நொடிக்கு ஆயிரக்கணக்கில் எண்களை உருட்டிக்கொண்டே இருக்கும். நீ பட்டனைத் தொட்ட கணத்தில் எது வந்ததோ அதுதான் உன் முடிவு. நீ எழுந்த அடுத்த நிமிஷம் வேறொரு அம்மாள் உட்கார்ந்து ஜாக்பாட் அடித்ததாக வருத்தப்பட்டிருக்கிறாயே, நீயே தொடர்ந்து ஆடியிருந்தாலும் அதே கணத்தில் அழுத்தியிருக்க மாட்டாய். அது உனக்கு வரவேண்டிய பணமே இல்லை, கோமதி. விட்டுவிடு.

அட்டை வேறொன்றைக் கணக்கெடுக்கிறது. நீ மொத்தம் எவ்வளவு வைத்தாய், அந்த மெஷினின் கணக்குப்படி அதில் எங்களுக்கு எவ்வளவு நிற்கும் என்று பெருக்கிப் போட்டுவிடும். அன்றைக்கு நீ ஜெயித்தாயா தோற்றாயா என்பது இரண்டாம்பட்சம். உனக்குக் கொடுத்த இலவச சாப்பாடும் அறைத் தள்ளுபடியும் அந்தத் தொகையில் ஒரு பங்குதான்.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது ரீலைப் பற்றிப் பேசும்போது. சார்லஸ் ஃபே 1890களில் சான் பிரான்சிஸ்கோவில் செய்த லிபர்ட்டி பெல் மெஷினில் மூன்று ரீல், ஒவ்வொன்றிலும் பத்துப் படம். கண்ணால் எண்ணிப் பார்த்து, பெருக்கி, ஆயிரம் சேர்க்கை என்று யாரும் சொல்லிவிடலாம். பிறகு ரீலுக்கு 22 இடம் வந்தது. 22ஐ மூன்று முறை பெருக்கினால் 10,648. அதைவிட அபூர்வமாக எதுவும் விழாது என்பதால், அதற்குமேல் பெரிய பரிசு வைக்க முடியாமல் திண்டாடினார்கள். 1984இல் டெல்னாஸ் என்பவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. வெளியே சுற்றுகிற ரீலில் 22 இடம்தான் இருக்கும், உள்ளே கணினியில் 64 எண் இருக்கும். அந்த 64இல் ஒரே ஒரு எண்ணை ஜாக்பாட் படத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியை மற்றப் படங்களுக்கும் வெற்றிடங்களுக்கும் பிரித்துக்கொள்ளலாம். இப்போது 64ஐ மூன்று முறை பெருக்கு: 2,62,144. கண்ணுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று மாதிரித் தெரிவது உள்ளே இரண்டரை லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே.

இதோடு நிற்கவில்லை. ஜாக்பாட் படத்துக்கு மேலும் கீழும் இருக்கிற வெற்றிடங்களுக்கு நிறைய எண்களை ஒதுக்கிவிட்டால், அந்தப் படம் பரிசுக் கோட்டுக்கு ஒரு நூல் மேலேயோ கீழேயோ அடிக்கடி வந்து நிற்கும். "மூணாவது ஏழு மயிரிழையில் தப்பிவிட்டது, ஒரு தடவையில்லை, பலதடவை" என்று எழுதியிருக்கிறாயே, அது இதுதான். மயிரிழையில் தப்பவில்லை. அப்படித் தெரியும்படி எண்களைப் பங்கிட்டிருக்கிறார்கள். 1980களின் இறுதியில் நெவாடாவில் ஒரு நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே போய், தோல்வி என்று முடிவானபிறகு நிரலே தேடி ஒரு 'நூலிழைத் தோல்வி'யைக் காட்டும்படி செய்தது. அதைத் தடுத்துவிட்டார்கள். எண் பங்கீட்டு முறையை மட்டும் விட்டுவைத்தார்கள். எனக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆடுகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பொய்தான்.

திரையில் ஓடும் புது மெஷின்களில் இன்னொன்று உண்டு. இருபது பரிசுக் கோடு, கோட்டுக்கு ஒன்று, ஆக 20 வைக்கிறாய். ஒரு கோட்டில் 8 விழுகிறது. விளக்கு மின்னுகிறது, இசை ஒலிக்கிறது, எண் துள்ளித் துள்ளி ஏறுகிறது. உனக்கு 12 போயிற்று. கைதட்டல் வாங்கிக்கொண்டே தோற்கிறோம். நீ "பாதிக்குப் பாதி ஜெயித்தேன், ஆனாலும் பணம் எப்படிக் கரைந்தது தெரியவில்லை" என்று எழுதிய வரியைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. இனி ஆடினால் இசையைக் கேட்காதே. கையிருப்பு எண் சுழற்றுவதற்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று மட்டும் பார்.

ஏமாற்று நடந்ததே இல்லையா என்றால் நடந்திருக்கிறது. 1989இல் லாஸ் வேகஸில் அமெரிக்கன் காயின் என்ற நிறுவனத்தின் போக்கர் என்ற சீட்டாட்ட மெஷின்களில், முழுப் பணம் வைத்து ஆடுகிறவருக்கு மிகப் பெரிய பரிசுக்குரிய ராயல் ஃப்ளஷ் வராதபடி நிரல் எழுதியிருந்தது பிடிபட்டது, உரிமம் பறிபோயிற்று. 1995இல் பிடிபட்ட ரொனால்ட் டேல் ஹாரிஸ், சிப்புகளைச் சோதிக்கிற அரசு வாரியத்திலேயே வேலை பார்த்தவர். சோதிக்கப்போன இடத்திலேயே தன் நிரலைச் செருகிவிட்டு வந்திருக்கிறார். ஆனாலும் உரிமம் உள்ள பெரிய இடங்களில் ஏமாற்றவேண்டிய தேவையே கிடையாது. ஒளிவுமறைவில்லாத விதிப்படியே போதுமான பணம் வருகிறது.

எப்படி என்று பார். நூறு போடுகிறாய், மெஷின் 90 சதவிகிதம். சராசரியாகத் 90 திரும்பி வரும். அதை எடுத்துக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லையே. மறுபடி போடுவாய், 81 ஆகும். ஏழு சுற்றில் பாதிக்குக் கீழே போய்விடும். மணிக்கு 600 தடவை சுழற்றுவது சாதாரணம். தடவைக்கு 1 டாலர் என்றால் 600 டாலர் புரண்டு, கணக்குப்படி 60 டாலர் அங்கே நிற்கும். இதனால்தான் வேகத்தில் இவ்வளவு கவனம் வைக்கிறார்கள். கைப்பிடியை இழுத்த காலம் போய் பட்டன் வந்தது, நாணயம் போய் ரசீதுச் சீட்டு வந்தது. சதவிகிதத்தைத் தொடாமலே வரவை ஏற்ற இதைவிட நல்ல வழியில்லை. இன்னொரு வழி, தளத்தில் எந்த வகை மெஷின் எத்தனை என்பதை மெதுவாக மாற்றுவது. ஒரு சென்ட் மெஷின்கள் டாலர் மெஷின்களைவிடக் குறைவாகத் திருப்பித் தரும். நெவாடா கட்டுப்பாட்டு வாரியம் மாதாமாதம் வெளியிடும் கணக்கில் இதை யாரும் பார்க்கலாம். அதற்காக டாலர் மெஷினுக்கு ஓடிவிடாதே. தடவைக்கு 3 டாலர் வைத்து நூற்றுக்கு 5 இழந்தால் 15 சென்ட். ஒரு சென்ட் மெஷினில் எல்லாக் கோட்டுக்குமாக 50 சென்ட் வைத்து நூற்றுக்கு 10 இழந்தால் 5 சென்ட்தான். சதவிகிதத்தைத் தனியாகப் பார்த்தால் தப்புக்கணக்காகிவிடும்.

"நாள் முழுக்க ஆடிப் பார்த்து நல்ல மெஷினைக் கண்டுபிடிக்க முடியாதா" என்றும் கேட்டிருக்கிறாய். முடியாது. 88க்கும் 92க்கும் உள்ள வித்தியாசம் ஓரளவு நம்பும்படி தெரியவேண்டுமானாலே லட்சம், இரண்டு லட்சம் தடவை சுழற்ற வேண்டும். அது நூற்றுக்கணக்கான மணி நேரம். அதற்குள் உன் பணம் நிற்காது. லாஸ் வேகஸ் நெவாடா பல்கலைக்கழகத்தின் ஆந்தனி லூகாஸும் அவரோடு சேர்ந்தவர்களும், ஒரே ஆட்டத்தின் தாராள வடிவத்தையும் இறுக்கமான வடிவத்தையும் ஒரே தளத்தில் வைத்து மாதக்கணக்கில் கவனித்தார்கள். தினம் வந்து ஆடுகிற உள்ளூர்க்காரர்கள்கூட தாராளமான பக்கம் நகரவில்லை.

திருப்பித் தரும் அந்தச் சதவிகிதம் மெஷினின் முகத்திலேயே இருக்கவேண்டும், கோமதி. பாக்கெட் பிஸ்கட்டுக்கே எடை அச்சடிக்கிறோம். பிரிட்டனில் திருப்பித் தரும் சதவிகிதத்தை ஆடுகிறவர் மெஷினிலேயே பார்க்க முடிகிறது. அங்கே முந்தைய ஆட்டங்களைப் பொறுத்துப் பரிசு மாறுகிற ஒரு வகை மெஷின் உண்டு. அதிலும் அப்படி மாறும் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். மற்ற இடங்களில் செய்யமுடியாத காரியமா இது? என் அலமாரியில் பூட்டியிருந்த தாளில் ஒரே ஒரு வரி. அதை ஒட்டினால் வியாபாரம் படுத்துவிடும் என்று என் மேலதிகாரிகள் சொன்னதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

ஆடுகிறவர் தானே கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய மெஷின் ஒன்றுதான் மிச்சம்: வீடியோ போக்கர். சீட்டுக்கட்டை வைத்து ஆடுகிற மெஷினில், நெவாடா விதிப்படி, நிஜக் கட்டில் இருக்கும் வாய்ப்புதான் இருக்கவேண்டும். அதனால் பரிசுப் பட்டியலே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஜாக்ஸ் ஆர் பெட்டர் என்ற வகை ஆட்டத்தில், வைத்த ஒன்றுக்கு ஃபுல் ஹவுஸ் என்ற சீட்டுச் சேர்க்கைக்கு 9, ஃப்ளஷ் என்ற சேர்க்கைக்கு 6 என்று இருந்தால், பிசகில்லாமல் ஆடுகிறவருக்கு 99.54 சதவிகிதம். அதுவே 8, 5 என்று இருந்தால் 97.30. இரண்டு எண்ணை மாற்றுவதுதான் அங்கே 'இறுக்குவது'. அது உன் கண்ணெதிரிலேயே எழுதியிருக்கும்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து போகவேண்டாம், தூங்கு. எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்று முதலிலேயே ஒரு தொகை எடுத்து வை. அது தீர்ந்ததும் கடற்கரைக்குப் போய்விடு. போகிற இடத்தில் போக்கர் மெஷின் இருந்தால் அந்தப் பரிசுப் பட்டியலை எழுதி எனக்கு அனுப்பு, அதன் கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன். கண் ஆபரேஷனுக்கு எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதவே இல்லையே நீ? முன்கூட்டியே சொன்னால் அந்த வாரம் நான் வந்து உன்னோடு இருப்பேன்.

அன்புடன்,
வசந்தா