காது மிஷின்

கோத்தகிரி
புதன்கிழமை

அன்புள்ள மாரிமுத்து,

கடிதம் கிடைத்தது. பேரன் பெயர் ஒரு நிமிஷம் வாயில் வரவில்லை என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்கு வந்த மறதி நோய் உனக்கும் வருகிறதோ என்ற பயம் வரிக்கு வரி தெரிந்தது. பெயர் நழுவிக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தால் அது பெரும்பாலும் வயசுதான். மனசு கேட்கவில்லையென்றால் நரம்பு டாக்டரைப் பார்த்துவிடு.

நீ எழுதாததை மருமகள் போனில் சொல்லிவிட்டாள். காது மிஷின் வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறாயாமே! மாட்டினால் கிழவன் மாதிரி இருக்கிறதாம். 71 வயசில் வேறு எப்படியப்பா இருக்கும்?

தேயிலை பேக்டரியில் இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. மிஷின் பக்கத்தில் முப்பது வருஷம் கத்திக் கத்திப் பேசினோம். காது போகாமல் என்ன செய்யும்? மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024-இல் தந்த அறிக்கையில் நாம் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று இருக்கிறது. அவற்றைக் கவனித்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாமாம். அதில் பெரிய பங்கு இரண்டுக்கு: கெட்ட கொலஸ்ட்ரால், காது கேளாமை. சுகர், பிரஷர் எல்லாம் அப்புறம்தான்.

மிஷின் மாட்டினால் தீர்ந்துவிடுமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் காது மந்தமான 70 முதல் 84 வயது வரை உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மிஷின் கொடுத்து, எல்லோரையும் மூன்று வருஷம் பார்த்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களுக்கு மூளைத்திறன் சரிவது 48 சதவீதம் குறைந்திருந்தது. சுகரும் பிரஷரும் வைத்துக்கொண்டு நாம் எந்தப் பக்கம் என்று நீயே சொல்.

இன்னொன்று. ஐதராபாத்தில் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் எழுதியிருக்கிறார்கள். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருஷம் தாமதமாக வந்திருக்கிறது, படிக்காதவர்களுக்கும்கூட. பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டில் படுகு, கடையில் மலையாளம், என்னிடம் தமிழ். நாமும் அரைகுறைப் படுகு பேசினோமே, வீண் இல்லை! ஆனால் காதில் விழுந்தால்தானே பேச முடியும்?

எனக்கும் முதல் வாரம் குக்கர் விசில்கூடத் தாங்கவில்லை. திரும்பக் கொண்டுபோய் சத்தத்தைச் சரிசெய்து வாங்கினேன். அப்புறம் ஒரு ராத்திரி தகரக் கூரையில் மழை கேட்டது. எத்தனை வருஷம் ஆயிற்று!

மே மாதம் பழக்கண்காட்சிக்கு குன்னூர் வருவாய் அல்லவா? மாட்டிக்கொண்டு வா. முன்பு மாதிரி கத்த எனக்கு மூச்சு இல்லை.

உன்
சுப்பையா