சிட்அவுட்டுக்கு எந்தப் பலகை?

அன்புள்ள மாப்ளே,

பாப்பாவுக்கு இடம் அமைந்தது ரொம்ப சந்தோஷம், தேதி முடிவானதும் சொல், குடும்பத்தோடு வந்துவிடுகிறோம். இங்கே செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டது, ஆரியங்காவுக் காற்றில் துணியே காய மாட்டேன் என்கிறது.

சரி, மாடி சிட்அவுட் தரைக்கு எந்தப் பலகை போடலாம் என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயம். தேக்கோ ஆஞ்சிலியோ போட்டால் அடிக்கடி எண்ணெய் பூச வேண்டும், அதற்கு உனக்கு நேரம் இல்லை, அதனால் டபிள்யூபிசி பலகை சரிதான். ஆனால் அந்தப் பெயரில் கடையில் காட்டுவதெல்லாம் ஒன்று கிடையாது. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கிச் செய்கிற பலகை அது. மரத்தூள் இருக்கிறவரை கொஞ்சம் ஈரம் குடிக்கத்தான் செய்யும், மேலே உறை இல்லாவிட்டால் பூஞ்சைக் கறுப்பு படரும், நிறமும் வெளுக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட 'கேப்டு' பலகையாகக் கேள். அறுத்த முனையைத் திருப்பிப் பார், அடிப்பக்கம் உறை இல்லாமல் மூன்று பக்கம் மட்டும் போட்டதும் விற்கிறார்கள். உள்ளே துளையுள்ளது விலை குறைவு, என்றாலும் முனையை மூடாமல் விட்டால் தண்ணீர் தேங்கும். கெட்டிப் பலகையே நல்லது.

உன் சித்தூர்ப் பக்கம் மழையைவிட வெயில்தான் எனக்குக் கவலை. பாலக்காட்டுக் கணவாயின் பங்குனி சித்திரை வெயிலில் அடர் பழுப்புப் பலகையில் வெறுங்காலோடு நிற்கவே முடியாது. மாதிரித் துண்டுகளை வாங்கி மத்தியானம் மாடியில் போட்டு வை, நீயே மிதித்துப் பார்த்துவிட்டு நிறம் முடிவு செய், அநேகமாக வெளிர் சாம்பலுக்குத்தான் வருவாய். சூட்டில் பலகை நீளவாக்கில் நீளும், அதனால் முனைகளில் கம்பெனி சொல்கிற இடைவெளியை விடச் சொல். அழகாக இருக்கட்டும் என்று ஆசாரி நெருக்கி முட்டவைத்தால் வெயில் காலத்தில் அது தூக்கிக்கொள்ளும்.

பணத்தை மேலே மட்டும் போடாதே, மாப்ளே. பலகை தானாகப் பாரம் தாங்காது, அடிச்சட்டம்தான் தாங்க வேண்டும். சட்டத்துக்குச் சட்டம் 12 முதல் 16 அங்குலம்தான் பொதுவாக வைப்பார்கள். தள்ளிப் போட்டால் பலகை தொய்யும், கேரண்டியும் போய்விடும். மாடித் தளத்தைத் துளை போட விடாதே, வாட்டர்புரூஃப் பூச்சு கெட்டு கீழ் அறை ஒழுகும், உயரம் மாற்றுகிற பெடஸ்டல் கால்களின் மேல் சட்டத்தை உட்கார வைக்கலாம். தண்ணீர் போகிற சரிவை மறைக்காமல், குழாய்வாயின் மேலே ஒரு பலகையைக் கழற்றும்படி விடச் சொல், சருகு அடைத்தால் கையை விட்டு எடுக்கலாம். பலகையைச் சட்டத்தோடு பிடிக்கிற கிளிப்பும் திருகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

அப்புறம், விலைச்சீட்டில் அடிச்சட்டமும் கிளிப்பும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு அதை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் செங்கோட்டைக்காரன்