தம்பிக்கு, அந்தக் கொடியைப் பத்தி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உங்க அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, மத்தபடி தொந்தரவு இல்ல. புரட்டாசி பொறந்ததுல இருந்து ராத்திரியில இடி இடிக்குது. சத்தம்தான் பெருசு, பாகூர் ஏரிக்குத் தண்ணி வந்தபாடில்ல.

நீ அனுப்பின போட்டோவை உன் தங்கச்சி போன்ல பெருசாக்கிக் காட்டினா. தக்காளிச் செடி எங்கன்னு தேட வேண்டியிருக்கு. கொம்பைச் சுத்தி முழுக்க அந்தக் கொடிதான். பூ அழகா இருக்குன்னு விட்டு வெச்சியாக்கும். அதுக்கு அங்க பிரான்ஸ்ல லிஸ்ரோன்னு பேராம். சனிக்கிழமை உழவு மெஷின் வாடகைக்கு எடுத்து, உங்க ஊர் மேரி, அதான் நகராட்சி ஆபீஸ், குடுத்த தோட்டத் துண்டு முழுக்க ஒரே ஓட்டா ஓட்டிடப் போறேன்னு அவகிட்ட சொன்னியாமே. அதுக்குத்தான் அவசரமா எழுதுறேன். போன்ல சொன்னா "சரிம்மா, சரிம்மா"ன்னு வெச்சிடுவே. இதைத் தங்கச்சி போட்டோ எடுத்து இன்னைக்கே அனுப்பிடுவா. மெஷின் ஓட்டாதே.

நம்ம மேட்டுக் கொல்லையில கோரை வந்த கதை உனக்குத் தெரியாது, நீ அப்போ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தே. மல்லாட்டை போட உழவுக்கு வந்த வாடகை டிராக்டர்காரர், வேற யார் கொல்லையிலயோ ஓட்டிட்டு ரொட்டவேட்டர் கத்தியில ஒட்டின மண்ணைக்கூடத் தட்டாம நம்ம கொல்லையில இறக்கினார். அடுத்த போகத்துல வடக்கு மூலையில ஒரு பாய் அகலத்துக்குக் கோரை. அதுக்கு அடுத்த உழவுல கொல்லை முழுக்க. கோரையில கிழங்குக்குக் கிழங்கு கருப்பா ஒரு நரம்பு ஓடும். நரம்பு அறாம இருக்கிறவரைக்கும் பாதிக் கிழங்கு முளைக்காமத் தூங்கும். கத்தி அறுத்துப் போட்டதும் ஒவ்வொண்ணும் தனிச் செடி ஆயிடும். அன்னைக்குப் பிடிச்ச களையெடுப்பு, எனக்கு இடுப்பு போனதே அதுலதான்.

உன் லிஸ்ரோன் அதுக்கும் மேல. காரைக்கால் வேளாண் காலேஜுல படிச்ச உன் தங்கச்சி சொல்றா, ரெண்டு அங்குல வேர்த்துண்டு மண்ணுல கிடந்தாப் போதுமாம், துளிர்த்துடுமாம். ஒரு வேரை மெஷின் எத்தனை துண்டா நறுக்கும்னு நீயே கணக்குப் போட்டுக்க. கோரைக்கிழங்காவது பெரும்பாலும் மேல்மண்ணுலயே கிடக்கும், மம்பட்டியால வெட்டிக் கூடையில பொறுக்கலாம். இது இருபது அடி ஆழம் வரைக்கும் இறங்கும்கிறாங்க. அதோட விதை வேற, இருபது வருஷத்துக்கு மேல மண்ணுக்குள்ள உயிரோட கிடக்குமாம். தோண்டித் தீர்க்கிற களை இல்ல தம்பி இது.

ஆனா முதல்ல ஒண்ணு பாரு. பூவை அளந்து பாரு. ஒரு அங்குலம் அகலம், வெள்ளையும் ரோசுமா இருந்தா நான் சொல்றது அதுதான். ரெண்டு அங்குலத்துக்கு மேல, சுத்த வெள்ளையா, வேலி மேல ஏறிக்கிட்டு இருந்தா அது அண்ணன் தம்பி ஜாதி. அதோட வேர் தடிமனா, பெரும்பாலும் மேல்மண்ணுலயே ஓடும். அதைப் பொறுமையாத் தோண்டினா நிறைய எடுத்துடலாம். போட்டோவுல எனக்குச் சின்னப் பூவாத்தான் தெரியுது.

சின்னப் பூவா இருந்தா பட்டினி போடுறதுதான் வழி. அந்த வேர் ஒரு நெல்லுக் குதிர்னு வெச்சுக்க. மேல வர்ற ஒவ்வொரு தளிரும் அதுல இருந்து படி அள்ளிக்கிட்டுத்தான் வருது. இலை விரிஞ்சு வெயில் வாங்க ஆரம்பிச்சா, அள்ளினதுக்கு மேல திரும்பக் கொட்டிடும். தளிர் தலை காட்டி ரெண்டு வாரம் போல வரைக்கும் செலவு, அதுக்கப்புறம் வரவு. நீ அந்த வரவு வராமப் பார்த்துக்கணும், அவ்வளவுதான் வேலை.

ஒரு தளிரைக் குனிஞ்சு கிட்டத்துல பாரு. மண்ணு லேசா வெடிச்சிருக்கும். அதுக்குள்ள இருந்து கொக்கி போட்டு வளைஞ்ச தலை வரும். மேல இலை சிவப்புக் கலந்த பச்சை, மண்ணுக்குக் கீழ தண்டு வெள்ளை. ஆள்காட்டி விரலை ஓரமா விட்டுக் கீழ போனா, வேர் தட்டுப்படும். நூல் கணக்கா மெலிசா இருக்கேன்னு இழுத்தா 'படக்'னு ஒடிஞ்சு மேல்துண்டு மட்டும் கையில வரும். வந்துட்டுப் போகட்டும், ஒடிஞ்சதுக்காக விசாரப்படாதே. களைக்கொத்தைப் படுக்கவெச்சு, மண்ணுக்கு ரெண்டு அங்குலம் கீழ சீவு. ஆழமா வெட்டிப் புரட்டாதே. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, ரொம்பப் போனா மூணு வாரம். இதை ரெண்டு மூணு வருஷம் விடாமச் செய்யணும். முதல் வருஷம் முன்னைவிட அதிகமா வர்ற மாதிரியே இருக்கும். அப்பத்தான் ஆளுங்க வெறுத்துப்போய் விட்டுடுறாங்க. நடுவுல ஒரு மாசம் ஊர் சுத்தப் போறதா இருந்தா மருமககிட்டயாவது, பக்கத்துத் துண்டுக்காரர்கிட்டயாவது சொல்லி வெட்டச் சொல்லிட்டுப் போ. அந்த ஒரு மாசத்துல குதிரு ரொம்பிடும்.

விதையில இருந்து புதுசா வர்றது தனி. முதல் ரெண்டு இலை சதுரமா, நுனியில வெட்டு விழுந்திருக்கும். அதை முளைச்ச மூணு வாரத்துக்குள்ள பிடுங்கிட்டா வேரோட வந்துடும். தாமதிச்சா அதுவும் பெரிய ஆளாயிடும்.

இப்போ தக்காளியில ஏறியிருக்கே, அதை இழுக்காதே. இழுத்தா தக்காளித் தண்டு முறியும், இல்லாட்டி காய் கொட்டும். அடியில கத்திரிச்சு விட்டுடு. மேல இருக்கிறது செடியிலயே காஞ்சு தொங்கட்டும், பறிப்பு முடிஞ்சு செடியை எடுக்கும்போது சேர்ந்து வந்துடும். பூ இருக்கிறதையெல்லாம் மட்டும் இன்னைக்கே கிள்ளிடு, காய் கட்டி விதை விழக் கூடாது.

கொத்தும்போது கையில வர்ற வெள்ளை வேரை உன் உரக்குழியில போட்டுடாதே. இங்கன்னா மாடி சிமெண்டுத் தரையில ரெண்டு நாள் பரப்பினா சுக்கா காஞ்சிடும். உங்க ஊரு வெயிலை நம்ப முடியாது. ஒரு வாளித் தண்ணியில அமுக்கி, மூடி போட்டு, நல்லா அழுகுற வரைக்கும் வை. நாத்தம் குடலைப் பிடுங்கும். அழுகினப்புறம் அந்தத் தண்ணியைச் செடிக்கே ஊத்தலாம்.

பக்கத்துத் துண்டு போர்த்துக்கல் பெரியவர் உப்பும் வினிகரும் ஊத்தச் சொன்னாராமே. பெரியவர் நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார், ஆனா கேக்காதே. வினிகர் மேல் இலையைக் கருக்கும், வேருக்கு ஒண்ணும் ஆகாது. உப்பு மண்ணைக் கெடுக்கும். 2004 சுனாமியில கடலூர்க் கரையோரம் கடல்தண்ணி ஏறின நிலமெல்லாம் பயிர் வைக்க முடியாமக் கிடந்ததை நேர்ல பார்த்தவ நான். காசு குடுத்து உப்பு வாங்கி நம்ம மண்ணுல நாமே கொட்டணுமா?

களைக்கொல்லி மருந்து கேட்டே. கிளைபோசேட்டை பூக்கிற சமயம் அடிச்சா வேர் வரைக்கும் போகும்னு தங்கச்சியும் ஒத்துக்கிறா. ஆனா 2019 ஜனவரியில இருந்து உங்க நாட்டுல வீட்டுத் தோட்டக்காரங்களுக்கு அதெல்லாம் விக்கக் கூடாதுன்னு சட்டமாம். அதனால அந்தப் பேச்சே வேணாம். எனக்கு அதுல வருத்தமும் இல்ல.

துண்டைப் பாதியாப் பிரிச்சுக்க. கொடி குறைச்சலா இருக்கிற பக்கம் தக்காளி, பீன்ஸ் மாதிரி கொம்பு வைக்கிறது. மோசமான பக்கம் கொம்பே வைக்காதே, நீயே அதுக்கு ஏணி போட்ட கணக்காயிடும். அங்க உருளைக்கிழங்கு போடு. மண் அணைக்கவும், தோண்டவும் எப்படியும் மண்ணுல கை வைக்கணும், போறபோக்குல வேரையும் பொறுக்கிடலாம். களைக்கொத்து தாராளமாப் போற மாதிரி வரிசைக்கு இடம் விடு. அட்டை போட்டு மூடலாமான்னு கேட்டே. மூடலாம், வெளிச்சம் இல்லாம வேர் நொந்துபோகும். ஆனா அட்டைக்கு அடியிலயே ஊர்ந்து ஓரத்துல வந்து எட்டிப் பார்க்கும். ஓரம் முழுக்க நடந்து நடந்து வெட்டத்தான் வேணும். பெரியவர் பக்கத்துல இருந்தும் வேர் வரும். வரப்பு ஓரத்தை ரெண்டு பேரும் பேசி வெச்சு வெட்டுங்க.

இன்னொண்ணு. பனி கொட்டினதும் மேல எல்லாம் கருகிடும். செத்துப்போச்சுன்னு அப்பாகிட்ட போன் பண்ணிப் பெருமை பேசாதே. வேர் கீழ தூங்குது. மாசி, பங்குனியில திரும்பத் தலை காட்டும்போது முதல் வெட்டு உன்னோடதா இருக்கணும்.

நம்ம ஊருக்கும் இந்தக் குடும்பம் புதுசு இல்ல. ஏரிக்கரை, வாய்க்கா கரையெல்லாம் ரோசாப் பூ பூத்து நிக்குதே நெய்வேலிக் காட்டாமணக்கு, அதே குடும்பம்தானாம். ஒடிச்சுச் சேத்துல எறிஞ்சா வேர் விட்டுடும், ஆடு தின்னா விஷம். நீ வேலியில பிடுங்கி ஊதல் பண்ணின பூ அதுதான். சர்க்கரைவள்ளியும் அதே குடும்பம். தேவனாம்பட்டினம் கடற்கரை மணல்ல படருற அடப்பங்கொடியும் அப்படித்தான். அது இல்லாட்டி மணல் காத்துல பறந்துடும். அங்க அதைப் பிடுங்கினா நானே திட்டுவேன்.

உங்க ஊர்க் கடையில விக்கிற நீளக்கம்புக் கொத்து உனக்கு வசதியா இருந்தா அதையே வாங்கு, நின்னுக்கிட்டே சீவலாம். இல்லேன்னா கொல்லுப்பட்டறையில ஒரு களைக்கொத்து அடிக்கச் சொல்லியிருக்கேன். தை மாசம் உன் சித்தப்பா மகன் வரும்போது குடுத்தனுப்புறேன், பெட்டியில போடச் சொல்லு, கைப்பையில வெச்சா ஏர்போர்ட்ல பிடுங்கிக்குவாங்க. இரும்பு மட்டும்தான் வரும். காம்பு நீயே போட்டுக்க, உன் முழங்கை நீளத்துக்குப் போதும். வாய் மழுங்கினா அரம் போட்டு உள்பக்கம் மட்டும் தீட்டு.

மருமகளையும் குட்டியையும் கேட்டதாச் சொல்லு.

அம்மா