அட்டாலியிலிருந்து ஆசாரத்துக்கு: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

அட்டாலியில் (பரணில்) கிடக்கும் பழைய சாமான்களை இறக்கி, கம்ப்யூட்டரில் போட்ட படத்தை ஒட்டும் வினைல் தாளில் பிளேடால் வெட்டித் தரும் கட்டர் மிஷினில் வெட்டிய அலங்காரத்தால் மறுபடியும் ஆசாரத்துக்கு (வீட்டுக் கூடத்துக்கு), புழக்கத்துக்குக் கொண்டுவருவது நமது சங்கத்தின் வேலை. இந்த ஆண்டு மேசைக்கு வந்தவை ட்ரங்குப் பெட்டி, தூக்குப் போசி (தூக்குவாளி), ஹார்லிக்ஸ் பாட்டில், பீரோக் கண்ணாடி, மரப்பலகை, ஊறுகாய் ஜாடி, பனியன் துணி. செய்ததை எல்லாம் வரிசையாகப் படிப்பதைவிட எது நின்றது, எது உரிந்தது, ஏன் உரிந்தது என்று சொல்வதே உறுப்பினர்களுக்குப் பயன்படும். மிஷினால் கெட்ட வேலை குறைவு. தேய்ப்பது, கழுவுவது, காயவிடுவது ஆகிய மூன்றில்தான் அதிகம் கெட்டது.

ட்ரங்குப் பெட்டிதான் அதிக உழைப்பை வாங்கியது. முதலில் 80 நம்பர் உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்து, பிறகு 150 நம்பரால் சமன் செய்ய வேண்டும். மூலையிலும் கீலுக்கு அடியிலும் துருப்பொடி தங்கும். பழைய டூத் பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் பழுப்புக் கறை மேலே வந்துவிடும். அப்புறம் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், ஒரு ராத்திரி காயட்டும். அதன்மேல் எனாமல் இரண்டு கோட், நடுவில் ஒரு நாள் இடைவெளி. இதுவரைக்கும் எல்லாரும் சரியாகத்தான் செய்தார்கள்.

தவறு அடுத்த படியில் வந்தது. விரலில் ஒட்டவில்லை என்றதும் காய்ந்துவிட்டது என்று நினைத்து வினைலை ஒட்டிவிடுகிறோம். எனாமல் மேலே தோல் கட்டிய பிறகும் உள்ளேயிருந்து கரைப்பானின் ஆவி பல நாள் வெளியேறிக்கொண்டே இருக்கும். வினைல் என்பது பிவிசி தாள், ஆவியை வெளியே விடாது. அடியில் சிக்கிய ஆவி கொப்புளமாக எழும்பி, பசையையும் இளக்கிவிடும். நாம் வாங்கும் ஓரகால் 651 வகையைத் தயாரிப்பது ஓரஃபோல் என்ற ஜெர்மன் நிறுவனம். புதிதாகப் பெயிண்ட் அடித்த பரப்பைக் குறைந்தது 3 வாரம் விட்ட பிறகே ஒட்ட வேண்டும் என்று அவர்களுடைய தொழில்நுட்பத் தாளிலேயே இருக்கிறது. 3 வாரம் என்றால் முழுதாக 3 வாரம். வெயிலில் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்ற பேச்சே வேண்டாம். பெயிண்ட் அடித்த தேதியை ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள், யாருக்கும் சந்தேகம் வராது.

பெயிண்ட் அடிக்க நம் ஊரில் தோதான மாதமும் தோதில்லாத மாதமும் உண்டு. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்டில் அப்பிவிடும். ஸ்ப்ரே டப்பா என்றால் பாதிப் பெயிண்ட் பக்கத்து வீட்டுத் துணியில் போய் விழும். அந்த இரண்டு மாதமும் பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யும் துணி வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழு கருதுகிறது.

அடுத்து எவர்சில்வர் போசியும் கண்ணாடி பாட்டிலும். இவற்றில் பெயிண்ட் இல்லை, காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனாலும் ஓரம் உரிந்த புகார் இவற்றில்தான் அதிகம் வந்தது. காரணம் நமது சப்பைத் தண்ணி, அதாவது உப்புத் தண்ணீர். போர்வெல் தண்ணீரில் கழுவிய பாத்திரம் காய்ந்ததும் உப்பு வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். பளபளப்பில் அது கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பார்த்தால் புகை படிந்தாற்போல் இருக்கும். வினைல் அந்தப் படலத்தின் மேல்தான் ஒட்டுகிறது, படலம் பெயரும்போது கூடவே வந்துவிடுகிறது. அதனால் முதலில் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். வினிகரில் நனைத்த துணியால் உப்பைத் துடையுங்கள். ஆர்ஓ தண்ணீரில் அலசுங்கள். கடைசியாக மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடையுங்கள். அதற்குப் பிறகு ஒட்டும் இடத்தில் விரல் படக் கூடாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையால் ஒருமுறை தொட்டாலே போதும், துடைத்தது வீண்.

ஒட்டிய பின் 3 நாள் தண்ணீர் படாமல் வைத்திருந்து, அதன்பின் மெல்லிய ஸ்பாஞ்சால் மட்டும் கழுவ வேண்டும். கம்பி நார் போட்டால் எந்த வினைலும் நிற்காது. சாப்பாடு படும் உள்பக்கத்திலும் வாய் வைக்கும் விளிம்பிலும் ஒட்டவே கூடாது. அடுப்பில் வைக்கும் பாத்திரம் நமது மேசைக்கே வர வேண்டாம்.

டம்ளர் மேலே அகலம், அடியில் குறுகல். நேரான பட்டையை அதில் சுற்றினால் இரண்டு முனையும் சேராது, ஒன்று மேலே ஏறி நிற்கும். டம்ளரைச் சுற்றி ஒரு தாளை வைத்து விளிம்பைப் பென்சிலால் வரைந்து வெட்டினால் வில் மாதிரி ஒரு வடிவம் கிடைக்கும். அந்த வளைவைத்தான் கம்ப்யூட்டரில் படத்துக்குக் கொடுக்க வேண்டும்.

பாத்திரம் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில், சீர் கொடுத்தவர் பெயரோ, வீட்டுப் பெரியவர் பெயரோ, வருடத்தோடு நிற்கும். அதை மறைத்துப் பூ ஒட்டித் தரச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மறைப்பதில்லை என்பது சங்கத்தின் முடிவு. வேலைக் கணக்கிலும் அது சரிவராது. குத்திய புள்ளிகளின் குழிக்குள் வினைல் இறங்காது, காற்று நிற்கும், கழுவும்போது தண்ணீர் அதன் வழியே நுழையும். அந்த எழுத்தை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் மெல்லிய கொடி ஓட விட்டால் பெயரே அலங்காரத்தின் நடுப்பகுதியாக அமைந்துவிடுகிறது. பித்தளைக் குடத்துக்கு எதுவுமே ஒட்ட வேண்டாம். புளி போட்டுத் தேய்த்தால் அதுவே போதும்.

இனித் தமிழ் எழுத்து. வீட்டுப் பெயர், ‘நல்வரவு’, டப்பாக்களுக்கு ‘துவரம் பருப்பு’, ‘கொத்தமல்லி’ என்று இந்த ஆண்டு அதிகம் வெட்டியது எழுத்துகளைத்தான். மிஷினோடு வரும் டிசைன் ஸ்பேஸ் மென்பொருளில் நேரடியாகத் தமிழைத் தட்டுவதை விட்டுவிடுங்கள். கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து போகலாம். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, எழுத்தைப் பாதையாக மாற்றி, ஒன்றின்மேல் ஒன்று படியும் இடங்களை ‘யூனியன்’ கொடுத்துச் சேர்த்து, எஸ்விஜி கோப்பாக ஏற்றுவதே வழி. யூனியன் கொடுக்க மறந்தால் படிந்திருக்கும் இடத்தில் பிளேடு இரண்டு கோட்டையும் வெட்டி, எழுத்து துண்டு துண்டாக வந்து நிற்கும். எழுத்துருவுக்கு முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் மூன்றிலும் கனமான வகையை எடுங்கள். மூன்றும் இலவசம்.

புள்ளிதான் பெரிய தலைவலி. ‘பருப்பு’ என்பதில் ஒரு புள்ளி போனால் ‘பருபபு’ ஆகிவிடும். எழுத்தின் உயரத்தை 2 சென்டிமீட்டருக்குக் கீழே குறைத்தால் புள்ளி மிகச் சிறியதாகிவிடும், பிடிப்புக்குப் பசை போதாது. வேண்டாத வினைலைக் களையெடுக்கும்போது அதோடு சேர்ந்தே வந்துவிடும். புள்ளியை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து 3 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்குங்கள், பார்வைக்கு உறுத்தாது. களையெடுக்கும்போது வினைலை மேலே இழுக்காமல் தாளோடு படிய மடக்கி மெதுவாக இழுத்து, புள்ளி வரும் இடத்தில் ஊசி முனையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். வெட்டு சரியாக விழுந்திருந்தால் பின்தாளில் கீறல் லேசாகத் தெரியும், தாள் அறுந்திருக்காது. இதைத் தெரிந்துகொள்ளப் படத்தை வெட்டும் முன் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணத்தை வெட்டிப் பார்ப்பது கட்டாயம். முக்கோணத்தின் மூலை கிழிந்து வந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது அதன் முனையில் துணுக்கு சிக்கியிருக்கிறது. அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, அதில் பிளேடை நாலைந்து முறை குத்தி எடுத்தால் துணுக்கு போய்விடும்.

ஸ்டென்சில் வெட்டும்போது கணக்கே வேறு. ‘வ’, ‘ண’, ‘ன’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு தனியாக விழுந்துவிடும். பிளாஸ்டிக் தாளில் வெட்டினால் சுழியிலிருந்து வெளியே ஒரு சின்னப் பாலம் விட வேண்டும். ஒட்டும் ஸ்டென்சில் வினைல் என்றால் வெட்டியதை இடம் மாறாமல் தூக்கி ஒட்ட உதவும் டிரான்ஸ்ஃபர் டேப் உள்துண்டையும் சேர்த்தே தூக்கி வைத்துவிடும், பாலம் தேவையில்லை. மண் தொட்டிக்கும் சொரசொரப்பான பலகைக்கும் ஸ்டென்சிலே சரி. வினைல் அவற்றில் பிடிக்காது. பெயிண்ட் ஓரத்தில் கசியாமல் இருக்க, அடியில் என்ன நிறமோ அதே நிறத்தை முதலில் ஸ்டென்சில் மேல் ஒரு முறை ஒற்றிக் காயவிடுங்கள். கசிவது அந்த நிறமாகவே இருக்கும், பொந்தும் அடைபட்டுவிடும். பிறகு அலங்கார நிறத்தைக் கிட்டத்தட்ட காய்ந்த ஸ்பாஞ்சால் ஒற்றி, முழுக்கக் காயும் முன் தாளை உரிக்க வேண்டும்.

“ஏனுங், இதுல ஒட்டுமுங்களா?” என்று பிளாஸ்டிக் வாளியையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பலர். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருந்தால் ஒட்டாது. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் பசையை ஏற்காத வகை. ஒட்டிய அன்று நன்றாக இருக்கும், சில நாளில் ஓரம் சுருண்டுவிடும்.

துணி வேலை இந்த ஆண்டு நன்றாக நடந்தது. திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் பருத்திப் பனியன் துணிக்குக் குறைவில்லை. பழைய டீ ஷர்ட், தலையணை உறை, மஞ்சப்பை மூன்றும் தோதானவை. சூட்டில் ஒட்டும் வினைலை, பிளாஸ்டிக் தாள் பக்கம் கீழே இருக்க மேட்டில் (மிஷினுக்குள் போகும் ஒட்டும் விரிப்பில்) வைத்து, படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். திருப்ப மறந்து வீணான துண்டுகள்தான் குப்பையில் அதிகம். சைசர் ஈசிவீட் வகைக்கு 150 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 நொடி. ஹீட் பிரஸ் இல்லாமல் அயர்ன் பாக்ஸில் செய்பவர்கள் பருத்திக்கான சூட்டில் வைத்து, நீராவியை நிறுத்தி, முதலில் துணியை வெறுமனே 3 நொடி தேய்த்து ஈரத்தைப் போக்குங்கள். மெத்தென்ற விரிப்பு அழுத்தத்தை விழுங்கிவிடும். கடினமான மேசையில் ஒரே ஒரு மடிப்புத் துணி போதும். அயர்ன் பாக்ஸை இழுக்காமல், ஒவ்வோர் இடமாக வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். ஒரு நாள் கழித்து, உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்கலாம்.

ஜமுக்காளத்தில் பூ ஒட்டும் முயற்சியும் நடந்தது. பிடிக்கவில்லை. முரட்டு நூலின் மேடு மட்டும்தான் வினைலைத் தொடுகிறது, பள்ளத்தில் காற்று நிற்கிறது. 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமுக்காளத்துக்கு அதன் பட்டைக் கோடுகளே அழகு. அந்தக் கோடுகளின் அகலத்தை அளந்து, அதே வரிசையில் வினைல் பட்டை வெட்டி ட்ரங்குப் பெட்டி மூடியில் ஒட்டியது இந்த ஆண்டின் நல்ல வேலைகளில் ஒன்று. காங்கயம் காளையின் நிழலுருவும் மார்கழிக் கோலமும் அதற்கடுத்து அதிகம் கேட்கப்பட்டன. கோலத்தில் கோட்டின் கனம் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

கண்ணாடியை அரிக்கும் கிரீமை வாங்க வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. அதில் இருப்பது ஃப்ளோரைடு சேர்மம். தோல் வழியாகவே உள்ளே போய்த் தீங்கு செய்யக்கூடியது, குழந்தைகள் நடமாடும் இடத்தில் அது வேண்டாம். பீரோக் கண்ணாடிக்கு ஃப்ராஸ்டட் வினைல் அதே தோற்றத்தைத் தருகிறது. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் ஒட்டியவர்கள் உள்ளே எல்இடி பல்பு மட்டும் போடுங்கள்.

வினைல் துணுக்குகளைப் பொடக்காளியில் (வீட்டுப் பின்புறத்தில்) கொளுத்துவதை உடனே நிறுத்த வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், மூக்கும் தொண்டையும் எரியும். லேசர் கடையில் கொடுத்து வினைலை வெட்டச் சொல்வதும் இதே காரணத்தால் கூடாது. உள்ளங்கை அளவுக்கு மேல் மிஞ்சிய துண்டுகளைத் தகர டப்பாவில் நிறவாரியாகப் போட்டு வைத்திருக்கிறோம். பூவிதழ், இலை, புள்ளி எல்லாம் அதிலேயே வெட்டலாம்.

மிஷின் நல்ல நிலையில் உள்ளது. 12 அங்குல மேட்டில் 11.5 அங்குலம் வரைதான் வெட்டும் என்பதை மனதில் வைத்துப் படம் போடுங்கள். கரண்ட் போனால் மேட்டை வெளியே இழுக்க வேண்டாம். இழுத்துவிட்டால் விட்ட இடத்தை மறுபடி பிடிக்க முடியாது, அந்தத் துண்டு போனதுதான். மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் பெரிய வேலை வைக்காதீர்கள். பிடிப்புக் குறைந்த மேட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு மெல்லக் கழுவி, நிழலில் உலர்த்தினால் ஓரளவு பிடிப்புத் திரும்பும். துணியால் துடைத்தால் நூல் ஒட்டிக்கொள்ளும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். வரும் ஆண்டுக்கு இரண்டு மேட், ஒரு பிளேடு, ஒரு சுருள் டிரான்ஸ்ஃபர் டேப் வாங்க ஒப்புதல் கோருகிறேன். ஆனி, ஆடியில் பெயிண்ட் வேலையை நிறுத்துவது, பெயர் வெட்டிய பாத்திரத்தில் எழுத்தை மறைக்காமல் இருப்பது ஆகிய இரண்டையும் தீர்மானமாகப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குப் பொருள் கொண்டு வருபவர்கள் வீட்டிலேயே உப்பெடுத்துக் கழுவி, உலர்த்தி, சுத்தமான வேட்டித்துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்