பத்து சதவீத மரியாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் படைவீரர்களுக்குக் கடைகள் தள்ளுபடி தர வேண்டுமா என்று கேட்டு, கடந்த ஞாயிறு தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தர வேண்டியதில்லை என்பது கட்டுரையாளரின் முடிவு. அதில் எனக்கும் பெரிய மறுப்பில்லை. ஆனால் ஓய்வூதியம், ராணுவக் கேன்டீன், இலவச மருத்துவம் என எல்லாவற்றையும் பெற்றுக்கொண்ட பிறகும் ஜவுளிக்கடையில் முன்னாள் படைவீரர் அடையாள அட்டையை நீட்டுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாரே, அதைப் படித்த பிறகு காலைக் காப்பி இறங்கவில்லை. அட்டையை நீட்டச் சொன்னவர் கடைக்காரர்தான் என்பதும், அவர் அப்படி அழைத்தது தங்கள் இதழின் முழுப்பக்க விளம்பரத்தில்தான் என்பதும் தாங்கள் அறியாததல்ல.

நான் 24 ஆண்டுகள் தரைப்படையில் இருந்து, 2009-இல் ஹவில்தாராக ஓய்வுபெற்றவன். சென்ற ஆகஸ்டில் மகள் திருமணத்துக்குத் துணியெடுக்கத் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குக் குடும்பத்தோடு போனேன். சுதந்திர தினத்தை முன்னிட்டு முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். அட்டையை எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. "கல்யாணச் செலவுங்க, கேட்டுத்தான் பாருங்களேன்" என்று என் மனைவி சொன்னதால் எடுத்தேன். பில் போடும் பெண் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்து, செல்பேசியில் படமெடுத்து மேலாளருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. "ஏதோ மிலிட்டரி ஆஃபராம்" என்று ஒருவர் சலித்துக்கொண்டது காதில் விழுந்தது. கால் மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது: பட்டுக்குத் தள்ளுபடி கிடையாது, ஏற்கெனவே விலை குறைத்த துணிகளுக்கும் கிடையாது, கடையின் சொந்தத் தயாரிப்புச் சட்டைகளுக்கு மட்டும் உண்டு. திருபுவனம் பட்டு உட்பட ரூ.38,400-க்குத் துணி எடுத்த எனக்கு, ரூ.640 விலையுள்ள ஒரே ஒரு சட்டையில் ரூ.64 கழித்தார்கள். அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். "நன்றி வீரரே" என்று எழுதிய பலகை அருகே என்னை நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அது அடுத்த வாரம் கடையின் முகநூல் பக்கத்தில் வந்திருந்ததை மைத்துனர் மகன் காட்டினான். 64 ரூபாய்க்கு ஒரு விளம்பர மாடல் கிடைத்தது அவர்களுக்கு லாபம்தான்.

இதைவிட என்னை உறுத்தியது வாசலில் கண்டது. கார்க் கதவைத் திறந்து சல்யூட் அடித்துக்கொண்டிருந்த காவலாளி குதிகால் சேர்த்து நின்ற தோரணையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. விசாரித்தால், வேறொரு ரெஜிமென்ட்டில் நாயக் பதவியில் இருந்தவராம். பன்னிரண்டு மணி நேர வேலை. ஏஜென்சி பிடித்தது போகக் கைக்கு ரூ.11,000 வருகிறதாம். முழங்கால் வீங்கியிருந்தது, உட்கார ஒரு முக்காலி இல்லை. உங்களுக்கு அந்தத் தள்ளுபடி உண்டா என்று கேட்டேன். "நாங்க ஸ்டாஃப் கணக்குல வர மாட்டோம், கஸ்டமர் கணக்குலயும் வர மாட்டோம் அண்ணே" என்று சிரித்தார். பேனரில் துப்பாக்கியோடு நின்ற படத்து வீரருக்கு நேர் கீழேதான் அவர் நின்றிருந்தார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபோது தாங்கள் அதைப் பாராட்டித் தலையங்கம் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. தங்களுக்கும் நினைவிருக்கும்.

கட்டுரையாளர் 'இலவசம்' என்று எழுதிய மருத்துவத்துக்கு வருகிறேன். 2003-இல் தொடங்கிய, முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்துக்கு, ஓய்வுபெறும்போதே எங்களிடம் சந்தா பிடித்துக்கொண்டார்கள். அந்தத் திட்டத்தின் அட்டையோடு என் மனைவியின் கண் அறுவைக்குப் போனபோது, அரசிடமிருந்து பழைய பாக்கி இன்னும் வரவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய மருத்துவமனையும் உண்டு. கேன்டீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே கிடைக்கும் மதுவைத் தொடாத எனக்கு, பொங்கல் நெருங்கினால் ஊரில் உறவினர் எண்ணிக்கை கூடிவிடுகிறது, "மாமா, கோட்டா வாங்கிட்டீங்களா?" என்பதுதான் நலம் விசாரிக்கும் முறை. நாட்டுக்காக நான் செய்த சேவையில் எங்கள் தெருவுக்கு நினைவிருப்பது அந்த ரம் பாட்டில் ஒன்றுதான்.

ஓய்வூதியத்தையும் யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை. ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்று எத்தனை ஆண்டுகள் கேட்டோம் என்பதும், 2015-இல் வயதான முன்னாள் வீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததும் பத்திரிகை நடத்தும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படைக்கு ஆளெடுக்க 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நான்கே ஆண்டில் வீடு திரும்புவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, கேன்டீன் அட்டையும் இல்லை. அவர்கள் எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டதாகக் கட்டுரையாளர் எப்படி எழுதுவார் என்று படிக்கக் காத்திருக்கிறேன்.

எங்களவர்களிலும் சிலர் சுங்கச்சாவடியில் அட்டையைக் காட்டிச் சண்டை பிடிக்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை. படையினருக்கு 1901-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் சுங்கக் கட்டண விலக்கு பணியில் இருப்பவருக்கே உரியது, ஓய்வுபெற்றவருக்கு அல்ல. அப்படி மல்லுக்கு நின்ற ஒரு நண்பரின் காரில், கட்டணத்தை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை.

நான் எல்லையில் இருந்த ஆண்டுகளில், தாளடிக்கு (இரண்டாம் போக நெல்லுக்கு) முறை வைத்துத் தண்ணீர் விடும்போது எங்கள் வயலின் முறை நள்ளிரவில் வந்தால், வாய்க்காலில் எங்களுக்கு மேலே வயல் வைத்திருந்த மேல்மடைக்காரர் தம்முடைய பகல் முறையை என் மனைவிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, இரவில் அரிக்கேன் விளக்கோடு தாமே வாய்க்காலுக்குப் போவார். நான் விடுப்பில் வந்து நன்றி சொன்னபோது, "அதுக்கென்ன தம்பி" என்று பேச்சை உர மூட்டை விலைக்கு மாற்றிவிட்டார். கொல்லையில் விளைந்த தேங்காய் நான்கைக் கொடுத்தேன். அதையும் என் மனைவியிடமே திருப்பி அனுப்பிவிட்டார்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டே. இசிஎச்எஸ் இலவசம் அல்ல, சந்தா கட்டிப் பெறுவது என்று இரண்டு வரித் திருத்தம் ஒன்றை வெளியிடுங்கள். ஏழாம் பக்கத்தின் அடியில் போட்டாலும் போதும். அடுத்த ஆகஸ்டில் அந்தக் கடை விளம்பரம் கொடுக்க வரும்போது, வாசலில் நிற்பவருக்கு ஒரு முக்காலி போடச் சொல்லுங்கள். முழுப்பக்கம் கொடுப்பவர், தாங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

(என் பெயரை வெளியிட வேண்டாம். படத்தை வைத்து என்னையும், என்னை வைத்து அந்தக் காவலாளியையும் கண்டுபிடித்துவிடுவார்கள்.)